மலையைக் குடையும் முன் மூன்று கேள்விகள்

தேனி மாவட்டத்தின் மேற்கு எல்லையில் போடி மலைகள் சுவர்போல எழுந்து நிற்கின்றன. மேலே ஏலத்தோட்டங்கள்; முகட்டைத் தாண்டினால் கேரளம். கீழே, அடிவாரத்தில் பொட்டிப்புரம் என்றொரு சிற்றூர். இந்திய நியூட்ரினோ ஆய்வுக்கூடத்துக்கு இடமாக அறிவிக்கப்பட்டதால், பல நாட்டு பௌதிக விஞ்ஞானிகளும் அறிந்த பெயர் அது. மத்திய அமைச்சரவை 2015 ஜனவரியில் ஏறத்தாழ 1,500 கோடி ரூபாயில் இத்திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. ஆயினும் அந்த மலை குடையப்படவில்லை. அரசே ஒப்புக்கொண்ட ஆய்வு ஏன் தொடங்கவில்லை? அதைப் புரிந்துகொண்டால், அறிவியல் ஆய்வுக்கு ஒரு நாடு எவ்வாறு அனுமதி தருகிறது என்பதும் புரியும்.

மலை எதற்கு?

நியூட்ரினோ என்பது மின்னூட்டம் இல்லாத மிகச் சிறிய துகள். சூரியனிலிருந்து புறப்பட்டு, ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பின் வழியே ஒவ்வொரு வினாடியும் சுமார் 6,000 கோடி நியூட்ரினோக்கள் கடந்து செல்கின்றன. உங்கள் கைவிரல் நகத்தின் வழியாகவும்தான்! அவை பொருள்களோடு மிக மிக அரிதாகவே மோதும். அந்த அரிய மோதலைக் கண்டறிவதுதான் ஆய்வாளரின் வேலை.

தரைமட்டத்தில் அதைச் செய்ய இயலாது. விண்ணிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்றுமண்டலத்தில் மோதி உண்டாக்கும் மியூவான் துகள்கள் மழைபோலப் பொழிகின்றன. சந்தை இரைச்சலில் ரகசியப் பேச்சைக் கேட்பது எப்படி? எல்லாப் பக்கமும் ஒரு கிலோமீட்டருக்கு மேல் பாறை சூழ்ந்திருந்தால் மியூவான்களில் பெரும்பகுதி தடைபடும். நியூட்ரினோ மட்டும் எளிதாக நுழையும். போடி மலையில் ஏறத்தாழ 2 கிலோமீட்டர் சுரங்கப்பாதை அமைத்து, அதன் முடிவில் காந்தமேற்றிய 50,000 டன் இரும்பாலான கருவியை வைப்பதே திட்டம்.

இது நமக்குப் புதிய துறை அன்று. காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவின் தடயம் 1965ஆம் ஆண்டில் கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் பதிவாயிற்று. உலகிலேயே முதலில் அதைக் கண்ட ஆய்வுகளில் அதுவும் ஒன்று.

மூன்று கேள்விகள்

ஓர் அரசு பெரிய ஆய்வுத்திட்டத்தைக் கண்காணிக்கும்போது மூன்று கேள்விகள் எழுகின்றன. இந்த ஆய்வு செய்யத் தக்கதா? மக்களின் வரிப்பணத்தை இதற்குச் செலவிடலாமா? இந்த இடத்தில் இதைச் செய்யலாமா?

முதல் கேள்விக்கு விஞ்ஞானிகளும், இரண்டாவதற்கு அமைச்சரவையும் விடை கூற வேண்டும். மூன்றாவது கேள்விக்கு இவர்களில் எவரும் தனித்து விடை கூற முடியாது. அதற்கெனச் சட்டங்கள் உள்ளன: 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், அதன் கீழ் 2006இல் வந்த தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை ஆகியவை அவற்றுள் முக்கியமானவை.

இத்திட்டத்துக்கு முதலில் தேர்ந்தெடுத்த இடம் நீலகிரியில் உள்ள சிங்காரா. அது முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டிய பகுதி. யானைகள் நடமாடும் வழி. ஆகவே 2009 நவம்பரில் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் அனுமதி மறுத்தார். பின்னரே போடி மலை தேர்வாயிற்று. 2011இல் சுற்றுச்சூழல் அனுமதியும் கிடைத்தது.

ஆனால் அங்கும் மூன்றாவது கேள்வி முடியவில்லை. மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு பெறாமல் பணி தொடங்கக்கூடாது என்று 2015இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. மலைக்கு அப்பால் 5 கிலோமீட்டருக்குள் கேரளத்தின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா இருக்கிறது. அதைச் சுட்டிக்காட்டி, 2017 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் பழைய அனுமதியை நிறுத்தி வைத்தது. 2018 மார்ச்சில் மத்திய அரசு புதிய அனுமதி வழங்கியது. அதே ஆண்டு நவம்பரில் தீர்ப்பாயம் அதை ரத்து செய்யவில்லை. ஆனால் தேசிய வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதலும் வேண்டும் என்றது. வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. மதிகெட்டானையும் பெரியாறையும் இணைக்கும் புலிகளின் வழித்தடம் இது என்றும், வைகைக்கு நீர் தரும் ஓடைகளின் பிறப்பிடம் என்றும் கூறி, 2022 பிப்ரவரியில் தமிழக அரசு அங்கே எதிர்ப்புத் தெரிவித்தது.

விடை மாறிய இடம்

இந்த விவாதத்தில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. "நியூட்ரினோவால் கதிரியக்கம் பரவுமா?" என்று மக்கள் அஞ்சினர். அதற்குப் பௌதிகம் தெளிவாக விடை தருகிறது: பரவாது. இக்கருவி எதையும் வெளியிடுவதில்லை. இயற்கையாக வரும் துகளைப் பதிவு செய்கிறது, அவ்வளவே. ஆனால், பாறையை வெடிவைத்துத் தகர்த்தால் ஊற்றுக்கண்கள் என்னவாகும், தகர்த்த கல்லை எங்கே கொட்டுவது, புலி எந்த வழியே போகும் என்பவை வேறு கேள்விகள். "நியூட்ரினோ தீங்கற்றது" என்பது இவற்றுக்கு விடையாகாது. அவ்வாறே, "காடு முக்கியம்" என்பதும் நியூட்ரினோவில் கதிரியக்க அபாயம் உண்டு என்பதற்குச் சான்றாகாது. ஒரு கேள்விக்குரிய விடையை மற்றொன்றுக்குக் கூறியதால்தான் இரு தரப்பிலும் நம்பிக்கை குறைந்தது.

தாமதத்துக்கும் விலை உண்டு. மூன்று வகை நியூட்ரினோ நிறைகளின் வரிசை எது என்பது இக்கருவி ஆராயவிருந்த முக்கிய வினா. அதே வினாவுக்கு விடை தேடிச் சீனாவின் ஜியாங்மென் நிலத்தடி ஆய்வுக்கூடம் 2025 ஆகஸ்டில் தரவு சேகரிக்கத் தொடங்கிவிட்டது. நம்மிடம் மதுரையில் 85 டன் எடையுள்ள சிறிய மாதிரிக் கருவி 2018 முதல் இயங்குகிறது.

அப்படியானால் கண்காணிப்பு அறிவியலுக்குத் தடையா? இல்லை. சிங்காராவில் கேள்வி முன்னதாக எழுந்தது. இடத்தை மாற்ற முடிந்தது. போடியில் அமைச்சரவை பணம் ஒதுக்கிய பிறகும் அதே கேள்வி நீதிமன்றம் நீதிமன்றமாக அலைந்தது. இடத்தைப் பற்றிய கேள்வியை முதலிலேயே, ஊர்மக்கள் முன்னிலையில், முழுமையாகக் கேட்பதே ஆய்வுக்கும் நல்லது, காட்டுக்கும் நல்லது.

மாணவ நண்பர்களே, உங்களில் சிலர் நாளை விஞ்ஞானிகளாகலாம், சிலர் அதிகாரிகளாகலாம், வேறு சிலர் இதுபோன்றதோர் ஊரின் மக்களாக இருக்கலாம். எந்த இடத்தில் இருந்தாலும், முன்னே நிற்பது மூன்றில் எந்தக் கேள்வி என்பதை முதலில் பிரித்தறியுங்கள். சரியான விடை அதன் பிறகே கிடைக்கும்.