புள்ளிப்பட்டியலில் கெடா எங்கே? கோலா கெத்தில் ரசிகர்களுக்கு ஒரு விளக்கம்

கெடாவில் வாரம் ஞாயிற்றுக்கிழமை தொடங்குகிறது. வெள்ளி, சனி விடுமுறை முடிந்து ஞாயிறு காலை வேலைக்குக் கிளம்புகிறவர்களுக்கு, முந்தைய இரவு ஆட்டம்தான் முதல் பேச்சு. கோலா கெத்தில் கடைத்தெருவிலும், பத்து பெக்காக்கா, பிஞ்சோல், படேனாக், கத்தும்பா தோட்டப் பக்கங்களிலும் “நேத்து என்னாச்சு?” என்று ஒருவர் கேட்டால், எந்த அணி என்று திருப்பிக் கேட்க வேண்டியதில்லை. பச்சை மஞ்சள்தான்.

2025-26 பருவத்தில் அந்தக் கேள்விக்கு வேலையில்லாமல் போய்விட்டது. சூப்பர் லீக் பட்டியலில் 13 அணிகள் இருக்கின்றன. சிங்கப்பூர் லீக்கை விட்டுவிட்டு வந்த புருணையின் டிபிஎம்எம் அணிகூட இருக்கிறது. குடிநுழைவுத் துறையின் இமிகிரேஷன் அணியும் மலாக்காவும் புதிதாக வந்துள்ளன. கெடா டாருல் அமான் அணியைத்தான் காணவில்லை.

தோற்று, கடைசி இடத்தில் முடிந்து, கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்பட்டார்கள் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படியல்ல. கெடாவுக்கு உரிமம் கிடைக்கவில்லை. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தெரியாமல் இனி உள்ளூர் காற்பந்தைப் பின்தொடர முடியாது.

மலேசியாவில் சூப்பர் லீக்கில் ஆட விரும்பும் ஒவ்வொரு கிளப்பும் ஒவ்வொரு பருவத்துக்கும் உரிமம் பெற வேண்டும். ஆசியக் காற்பந்து சம்மேளனம் வகுத்த நிபந்தனைகள் அதற்கு அடிப்படை. விளையாட்டு, அரங்க வசதி, பணியாளர் நிர்வாகம், சட்டம், நிதி என ஐந்து பகுதிகள் அதில் உண்டு. மனுக்களை ஆராய்ந்து முடிவெடுப்பது ஒரு தனிக்குழு. அது மறுத்தால் மேல்முறையீட்டுக் குழுவிடம் போகலாம். அங்கும் முடியாவிட்டால், எத்தனை கிண்ணம் வென்ற அணியாக இருந்தாலும் கதவு மூடப்பட்டதுதான்.

பெரும்பாலான மலேசிய அணிகள் தடுக்கி விழுவது நிதிப் பகுதியில். அங்கே கேட்கப்படுவது எளிமையான ஒன்று: ஆட்டக்காரர்களுக்கும் பணியாளர்களுக்கும் சம்பளம் கொடுத்தாயிற்றா, அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டியதைக் கட்டியாயிற்றா? ஊழியர் சேமநிதிப் பணம் ஏறவில்லை என்றால் தொழிலாளிக்கு என்ன நேரும் என்பதைத் தோட்டப்புற மக்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பெரட்டுக்கு வந்து பெயர் கொடுத்தவனுக்குச் சம்பளம் தராமல் எந்தத் தோட்டமும் எத்தனை மாதம் பால் வெட்ட முடியும்? ஆனால் மஞ்சள் சட்டை போட்டவர்களிடம் மட்டும், மாநிலத்தின் மானம் என்று சொல்லி, கையில் காசில்லாமல் ஓடச் சொன்னார்கள்.

கடைசிச் சில பருவங்களில் கெடா ரசிகர்கள் இதன் முன்னோட்டத்தைப் பார்த்துவிட்டார்கள். சம்பள பாக்கிக்காகப் புள்ளிகள் வெட்டப்பட்டன. வெற்றிக்கு மூன்று புள்ளி, சமநிலைக்கு ஒன்று. ஆக மூன்று புள்ளி வெட்டு என்பது, ஆட்டக்காரர்கள் வியர்வை சிந்தி வென்ற ஓர் ஆட்டத்தை எழுத்தர் மேசையில் அழித்துவிடுவது போன்றது. 13 அணிகள் உள்ள லீக்கில் ஒவ்வோர் அணிக்கும் 24 ஆட்டங்கள்தான். அதில் ஒன்று போனால், பட்டியலின் நடுவே நெருக்கமாக நிற்கும் அணி இரண்டு மூன்று படிகள் இறங்கிவிடும். சம்பளம் கிடைக்காதவர்தான் புள்ளியையும் இழக்கிறார் என்பது இந்தத் தண்டனையின் கோணல். ஆனால் அதுவும் இல்லையென்றால் நிர்வாகங்கள் அசைவதே இல்லை என்பதும் உண்மை. உரிமத்தை மறுப்பது கடுமையான முடிவு. புள்ளி வெட்டைவிட அது நேர்மையானது. பணம் இல்லாமல் பருவத்தைத் தொடங்கி, பாதியில் ஆட்டக்காரரைத் தவிக்க விடுவதைத் தடுக்கிறது அல்லவா?

இதில் கெடா தனியாக இல்லை. அதே 2025-ஆம் ஆண்டில் பேராவும் ஸ்ரீ பகாங்கும் சூப்பர் லீக்கில் இல்லாமல் போயின. மூன்றுமே மலேசியக் கிண்ணத்தைத் தூக்கிய மாநிலங்கள்.

கெடா அணி என்னவாக இருந்தது என்பதை இன்றைய பதினாறு வயதுப் பையன்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. மலேசியக் கிண்ணம் ஐந்து முறை: 1990, 1993, 2007, 2008, 2016. எஃப்.ஏ. கிண்ணமும் ஐந்து முறை: 1996, 2007, 2008, 2017, 2019. இதில் 2007, 2008 என்று இரண்டு பட்டியலிலும் வரும் ஆண்டுகளைக் கவனிக்க வேண்டும். 2005-06இல் பிரிமியர் லீக்கில் இருந்த அணி, மேலே ஏறிய முதல் பருவத்திலேயே சூப்பர் லீக், எஃப்.ஏ. கிண்ணம், மலேசியக் கிண்ணம் மூன்றையும் வென்றது. அடுத்த பருவத்தில் மறுபடியும் மூன்றையும் வென்றது. பயிற்றுநர் அஸ்ராய் கோர் அப்துல்லா. முன்னே மார்லன் ஜேம்ஸ், நடுவே நெல்சன் சான் மார்ட்டின். அந்த இரண்டு ஆண்டுகளில் அலோர் ஸ்டார் டாருல் அமான் அரங்கத்துக்குப் பாலிங் மாவட்டத்திலிருந்து வேனிலும் மோட்டார் சைக்கிளிலும் போனவர்கள் இன்றும் அதைத் திருவிழாக் கணக்கில்தான் பேசுகிறார்கள். பிற்காலத்தில் ஜொகூர் டாருல் தக்சிம் 2014 தொடங்கி லீக்கை யாருக்கும் விடவில்லை என்றாலும், 2020, 2021 இரண்டு ஆண்டுகளிலும் அதற்கு அடுத்த இடத்தில் நின்றது கெடாதான்.

அந்த 2021 இன்னொரு வகையிலும் முக்கியம். மாநிலக் காற்பந்துச் சங்கம் நடத்திவந்த அணி, ‘கெடா டாருல் அமான் எஃப்.சி.’ என்ற தனியார் கிளப்பாக மாறியது அப்போதுதான். எல்லா மாநில அணிகளும் நிறுவனமாக மாற வேண்டும் என்று விதித்தார்கள். நோக்கம் நல்லது: மாநில அரசின் பணத்தையே நம்பாமல், விளம்பரம், நுழைவுச்சீட்டு, சட்டை விற்பனை என்று சொந்தக் காலில் நிற்பது. ஆனால் நாட்டில் பெரும்பாலான ஆட்டங்களில் அரங்கம் பாதிகூட நிரம்புவதில்லை. வருமானம் அப்படியே இருக்க, சம்பளச் செலவு மட்டும் பெரிய கிளப்புகளைப் பார்த்து ஏறியது. பெயர்ப்பலகை மாறியது, கல்லாப்பெட்டி மாறவில்லை.

கோலா கெத்திலுக்கு இது முதல் அடியும் அல்ல. அரை மணி நேரத் தொலைவில் சுங்கை பட்டாணியில் கோலா மூடா நாசா என்று ஓர் அணி இருந்தது. 2007-08இல் பிரிமியர் லீக்கை வென்று சூப்பர் லீக்குக்கு ஏறியது. மாநிலத்துக்கு இரண்டு அணி என்று மார்தட்டிய காலம் அது. ஆதரவு கொடுத்த நிறுவனம் விலகியதும், 2009-க்குப் பிறகு அணியே இல்லை. இந்தியச் சமூகத்தின் மிஃபா அணியிலிருந்து வளர்ந்த பெட்டாலிங் ஜெயா சிட்டி, உள்ளூர் ஆட்டக்காரர்களை மட்டுமே வைத்து சூப்பர் லீக்கில் ஆடிப் பார்த்தது. அதுவும் 2022 பருவத்தோடு விலகிக்கொண்டது. தமிழ்ப் பையன்களின் பெயர்களை அறிவிப்பாளர் வரிசையாக வாசித்துக் கேட்கக்கூடிய அணி அது ஒன்றுதான் என்பதால், அந்த இழப்பு இங்கேயும் உறைத்தது.

ரசிகனுக்குப் பொழுதுபோக்கு போனது என்றால் பினாங்கு அணிக்குக் கைதட்டிவிட்டுப் போகலாம். (வடக்குப் பகையை மறந்து எத்தனை கெடாக்காரர்கள் அதைச் செய்வார்கள் என்பது வேறு விஷயம்.) பிரச்சினை அதைவிடக் கீழே இருக்கிறது. உரிம நிபந்தனைகளில் இளையோர் அணி நடத்துவதும் ஒன்று. கிளப் இருந்தால், அதன் பதின்வயது அணிகளும் இருந்தாக வேண்டும். கிளப் போனால் அந்தக் கட்டாயமும் போகிறது. தோட்டத் திடலில் வெறுங்காலோடு ஓடிய பையன் ஒருவன் மாநிலச் சட்டை போட வேண்டுமானால், அவனுக்கு ஏணி வேண்டும். பள்ளி, மாவட்டம், மாநிலம், பிறகு கிளப்பின் இளையோர் அணி என்று படிகள். மேல் படி உடைந்த ஏணியில் யார் ஏறுவார்கள்?

கீழ்ப் படிகளும் முன்போல் இல்லை. கோயில், தமிழ்ப்பள்ளி, திடல் மூன்றும் ஒரு காலத்தில் தோட்டத்தோடு சேர்ந்தே இருந்தன. தோட்டத்துக்குத் தோட்டம் அணி இருந்தது. திருவிழா விடுமுறைகளில் எழுவர் ஆட்டம் நடந்தது. குடும்பங்கள் தாமான்களுக்கு மாறிய பிறகு, பையன்கள் மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து ஃபுட்சால் கூடத்தில் ஆடுகிறார்கள். பந்தை நிறுத்தவும் தட்டிக் கொடுக்கவும் அங்கே நன்றாகப் பழகலாம். நாற்பது மீட்டருக்கு ஓடி, தலையால் முட்டி, பதினொருவர் ஆட்டத்தில் இடம் பார்த்து நிற்கப் பழக முடியாது.

இருக்கும் வழிகளைப் பெற்றோர் தெரிந்துவைத்திருப்பது நல்லது. பள்ளி விளையாட்டு மன்றப் போட்டிகள் மாவட்டம் முதல் தேசிய நிலைவரை நடக்கின்றன. சுக்மா போட்டியில் மாநிலங்களே அணி அனுப்புகின்றன. அதற்கு கிளப் உரிமம் தேவையில்லை. பகாங் மாநிலம் கம்பாங்கில் உள்ள மொக்தார் டஹாரி அகாடமியும் புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளியும் நாடு முழுவதிலிருந்தும் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கின்றன. 2010இல் கே. ராஜகோபால் பயிற்றுவித்து ஆசியான் கிண்ணத்தை வென்ற தேசிய அணியில் எஸ். குணாளனும் கே. குருசாமியும் இருந்தார்கள். அவர்களுடைய காலத்தில் மாநில அணிகள் உயிரோடு இருந்தன.

வாரக் கணக்குப் பார்க்கும் பழக்கத்தை விட முடியாதவர்களுக்கு இப்போது வேறு பட்டியல்கள் உண்டு. கெடாவைச் சேர்ந்த எஸ். சிவசங்கரி 2022இல் கார் விபத்தில் படுகாயமடைந்தார். மறு ஆண்டே ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஸ்குவாஷ் ஒற்றையர் தங்கத்தை வென்றார். 2024இல் லண்டன் கிளாசிக் இறுதியில் எகிப்தின் ஹானியா எல் ஹமாமியை வீழ்த்திப் பட்டம் வென்றார். அலோர் ஸ்டாரைச் சேர்ந்த பியர்லி டான், தினா முரளிதரனுடன் இணைந்து பாரிஸ் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பிடித்தார். 2025 உலகப் பூப்பந்து வெற்றியாளர் போட்டியில் வெள்ளி. இவர்களுக்குச் சம்பள பாக்கி வெட்டு கிடையாது. தரவரிசை வாரந்தோறும் வெளியாகிறது.

கெடா திரும்பி வருமா என்று கேட்பவர்கள் பார்க்க வேண்டியது ஆட்ட முடிவுகளை அல்ல. பழைய கடன் யார் கையில், எவ்வளவு தீர்ந்தது, அடுத்த உரிம மனு எந்தப் பெயரில் போகிறது என்ற மூன்றையும்தான். பழைய நிறுவனமே கடனை அடைத்து மனு செய்யலாம். அல்லது வேறோர் அமைப்பு மாநிலத்தின் பெயரில் ஏ1 அரைத்தொழில்முறை லீக் போன்ற கீழ்ப்பிரிவில் தொடங்கி ஏறி வரலாம். இரண்டாவது வழிக்கு ஆண்டுகள் பிடிக்கும். கெடா ஏற்கெனவே ஒருமுறை பிரிமியர் லீக்கிலிருந்து ஏறித்தான் அந்த மூன்று கிண்ணங்களையும் தூக்கியது.