நோயின் பெயர் தெரியும் முன்னே

அவசர சிகிச்சைப் பிரிவில் மருத்துவ மாணவருக்கு வேண்டிய முதல் திறன், வந்திருப்பவரின் உயிருக்கு இப்போதே ஆபத்தா என்று கண்டுகொள்வது. மூச்சுப்பாதை, சுவாசம், ரத்த ஓட்டம், நினைவு என்ற வரிசையில் பார்த்து, கோளாறு தென்பட்ட இடத்திலேயே அதைச் சரிசெய்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். என்ன நோய் என்பது பிறகு.

அடுத்தது, கேட்கத் தெரிவது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் குடித்தவர்கள் வயிற்றுவலி, வாந்தி என்றுதான் வந்தார்கள். அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதில் இருந்த மெத்தனால் குடித்த கையோடு ஆளைச் சாய்ப்பதில்லை. கல்லீரலில் அது ஃபார்மிக் அமிலமாக மாறிய பிறகே, பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரத்தில், மூச்சு இரைக்கும், பார்வை மங்கும். ‘கண்ணு எப்படித் தெரியுது? கூடக் குடிச்சவங்க யார் யார்?’ என்று அதட்டாமல் கேட்பவருக்கே உண்மை கிடைக்கும். போலீஸ் பயத்தில் இருப்பவர் தானாகச் சொல்லமாட்டார். ஃபோமிபிசோல் அல்லது எத்தனால் மருந்தையும் டயாலிசிஸையும் மூத்தவர்கள் முடிவு செய்வார்கள். சந்தேகப்பட வேண்டியவர் முதலில் பார்ப்பவர்.

2019 முதல் நடைமுறையில் உள்ள எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் திறன்களை நான்கு படிகளாக வைக்கிறது: தெரியும், எப்படி என்று தெரியும், செய்துகாட்டுவார், தானே செய்வார். ஜார்ஜ் மில்லர் 1990-இல் வரைந்த கூம்பின் படிகள் இவை. பாம்புக்கடியை எடுத்துக்கொண்டால் வித்தியாசம் விளங்கும். கண்ணாடி விரியன் கடித்தால் ரத்தம் உறையாது என்பது ஏட்டில் இருக்கிறது. உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, பிறகு சாய்த்துப் பார்ப்பது கைவேலை. பிளாஸ்டிக் குழாயை எடுத்தாலோ, சோப்புத்தூள் போட்டுக் கழுவிய குழாயை எடுத்தாலோ முடிவு தப்பும். கட்டுவிரியன் கடியில் பெரும்பாலும் வீக்கமே இருக்காது. தரையில் படுத்துறங்கியவர் விடியலில் வயிற்றுவலியும் சரியும் இமைகளுமாக எழுந்தால் அதை நினைக்க வேண்டும். பாடப்புத்தகத்தில் இரண்டும் ஒரே அத்தியாயம். வார்டில் இரண்டும் வேறு வேறு ஆட்கள்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலைக்குப் பொருந்தும் இன்னொரு திறன், அனுப்பிவைப்பது. வெள்ளிமலையிலிருந்து மலைப்பாதையில் இறங்கும் நோயாளிக்கு வண்டி ஏறுமுன் மூச்சுப்பாதை பத்திரமா, ஊசிவழி ஓடுகிறதா, எந்த மருந்து எத்தனை மணிக்கு, விஷ எதிர்மருந்து ஒவ்வாமைக்கு அட்ரினலின் கையில் உண்டா என்று பார்த்து, எழுதி, மேல் மருத்துவமனைக்குப் போனிலும் சொல்ல வேண்டும். சில வரிச் சீட்டுதான். அது இல்லாவிட்டால் கீழே எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.

இந்தியாவில் அவசர மருத்துவத்தில் எம்.டி. படிப்பு 2009-இல் அங்கீகாரம் பெற்றது. எம்.பி.பி.எஸ்.ஸில் அது தனிப் பாடம் இல்லை. பொது மருத்துவம், அறுவை சிகிச்சை, மயக்கவியல், தடயவியல் எனச் சிதறிக் கிடக்கிறது. 2021 விதிகளின்படி ஹவுஸ் சர்ஜனுக்கு அவசரப் பிரிவில் கட்டாயப் பணி இரண்டு வாரம். மேலே சொன்னவற்றைத் தானே செய்யும் படிக்கு வர அது போதாது. அதற்குமுன் மூன்றாம், நான்காம் ஆண்டுகளிலேயே பொம்மையில் இதய மீட்பு (சி.பி.ஆர்.) பழகி, இரவுப் பணியில் உடன் நின்று பார்த்திருக்க வேண்டும்.