குழாய் கட்டிய ஊர்கள்

கோவில்பட்டிக்குக் கிழக்கே எட்டயபுரம், விளாத்திகுளம், குளத்தூர், வைப்பாறு என்று கடலை நோக்கித் தணிந்து செல்லும் கரிசல் பிரதேசத்தில், ஓர் ஊரில் கல்யாணமோ, சடங்கோ, காளியம்மன் கோயில் பொங்கலோ நடக்கிறது என்பதை அடுத்த ஊரார் அறிந்துகொள்ள அழைப்பிதழ் தேவைப்படாத காலம் ஒன்று இருந்தது. விடியற்காலையில் பனைமரத்தின் உச்சியிலோ, சவுக்குக் கம்பத்தின் நுனியிலோ கட்டிய குழாய் ரேடியோ பாடத் தொடங்கியதுமே, பருத்திக்காட்டில் குனிந்து களை எடுத்துக்கொண்டிருந்தவர்கள் சத்தம் வரும் திசையைப் பார்த்து, இன்ன ஊர், இன்னார் வீடு என்று சொல்லிவிடுவார்கள். டூரிங் டாக்கீஸ்காரர்களும் பொழுது சாயும் வேளையில் கொட்டகையின் மேலே குழாயைப் பாடவிட்டுத்தான் சுற்றுவட்டாரத்து ஜனங்களை வண்டி கட்டச் செய்தார்கள்.

அந்தக் குழாய்கள் இப்போது பெரும்பாலும் கீழே இறங்கிவிட்டன. மைக் செட்காரர்கள் பெட்டி ஸ்பீக்கருக்கு மாறிவிட்டார்கள். பழைய குழாய்களில் பல எடைக்குப் போய்விட்டன. மற்றவை மாட்டுத் தொழுவத்திலும் மச்சிலும் தூசி படிந்து கிடக்கின்றன. அப்படிக் கிடப்பவற்றைத் தேடிப் பிடித்து, விலை பேசி வாங்கி, துலக்கிப் பழுது பார்த்து, பழைய ரெக்கார்டுகளை ஓடவிட்டுக் கேட்பதையே ஓர் ஆனந்தமாகக் கொண்ட ரஸிகர்கள் தென் ஜில்லாக்களில் உண்டு. இளம் பிராயத்து ஞாபகம்தான் இதற்குக் காரணம் என்று சொல்லி இந்த விஷயத்தை முடித்துவிடலாம்; ஆனால் முடித்துவிடுவது நியாயமாகாது. அந்த அலுமினியக் கூம்புக்குள்ளே ஒரு சாஸ்திரம் இருக்கிறது. அது தெரியாமல் வாங்குகிறவர் பணத்தை இழக்கிறார். அது தெரியாமல் அதை மேம்படுத்தப் புகுகிறவரோ நல்ல சாதனம் ஒன்றையே இழந்துவிடுகிறார்.

குழாய் தானாக ஒலியை உண்டாக்குவதில்லை. அதன் பின்புறத்தில் திருகி மாட்டியிருக்கும் உருண்டையான யூனிட்தான் உண்டாக்குகிறது. அதனுள்ளே கனமான ஒரு காந்தமும், காந்தத்தின் மெல்லிய இடைவெளியில் அசையும் கம்பிச் சுருளும், அச்சுருளோடு ஒட்டிய டயாபிராம் என்னும் சவ்வும் இருக்கின்றன. உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தச் சவ்வைத் திறந்த வெளியில் அதிரவிட்டால், காற்று மிகவும் இலேசான பொருளாகையால், அதற்குப் பிடி கொடுக்காமல் விலகிக்கொள்கிறது. கொடுத்த மின்சக்தியில் பெரும்பகுதி சுருளைச் சூடாக்குவதோடு முடிந்துபோகிறது. சாதாரணமான பெட்டி ஸ்பீக்கர்கள் பலவும் தாம் வாங்கிய சக்தியில் நூற்றில் ஒரு பங்கையோ இரண்டு பங்கையோ மாத்திரமே ஒலியாக்குகின்றன என்றால் வாசகர்கள் வியப்படையக்கூடும். சவ்வின் முன்னால் குறுகலான ஒரு தொண்டையை வைத்து, அத்தொண்டையைச் சிறுகச் சிறுக விரித்து அகன்ற வாயில் கொண்டுபோய் முடித்தால், தொண்டையில் நெருக்குண்ட காற்று சவ்வுக்கு வேண்டிய எதிர்ப்பைக் கொடுக்கிறது. அங்கே பிறந்த அழுத்தம் படிப்படியாக விரிந்து, வெளிக்காற்றோடு சேதமின்றிக் கலக்கிறது. நூற்றில் ஒன்றாக இருந்த ஒலி இருபதாகவும் முப்பதாகவும் ஆவது இந்த யுக்தியினால்தான்.

மின்சாரம் வருவதற்கு வெகுகாலம் முன்னரே நாதஸ்வரக்காரர்கள் இந்த ரகசியத்தை அறிந்திருந்தார்கள். உலவு என்னும் ஆச்சா மரக் குழலின் உட்துளை கீழே போகப் போக விரிந்து, அணசு என்னும் அகன்ற வாயில் முடிவது வெறும் அலங்காரத்துக்காக அன்று. கோவில்பட்டியில் வாழ்ந்து 1964-இல் மறைந்த காருகுறிச்சி அருணாசலத்தின் வாசிப்பு வீதி நிறைந்து கேட்டதற்கு, அவருடைய மூச்சின் வலிமையோடு அந்த விரிவும் துணை நின்றது. அவரே, 1962-இல் வெளிவந்த ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் எஸ். ஜானகியின் குரலுக்கு ஈடுகொடுத்து வாசித்த ரெக்கார்டு, பிறகு ஊர் ஊராகக் குழாய்களில் ஒலித்தது. ஒரு கூம்பில் பிறந்த நாதம் இன்னொரு கூம்பின் வழியாக வெளியே வந்தது என்று சொல்லலாம்.

மேல்நாட்டில் இந்தச் சாதனம் பிறந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கலிபோர்னியாவில் பீட்டர் ஜென்சனும் எட்வின் பிரிதமும் அசையும் சுருளோடு கிராமபோன் கூம்பை இணைத்து, 1915-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஸான்பிரான்ஸிஸ்கோ நகர மண்டபத்தின் முன் கூடிய பெருங்கூட்டத்துக்குப் பேச்சையும் பாட்டையும் கேட்கச் செய்தார்கள். 1926-இல் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனி பேசும் படத்துக்காக வெளியிட்ட 555 என்ற யூனிட், வெண்டே, தூராஸ் என்னும் இருவரின் ஆராய்ச்சியில் விளைந்தது. சில வாட் சக்தியைக் கொண்டே ஒரு பெரிய தியேட்டரை நிரப்ப வேண்டியிருந்த அக்காலத்தில், நான்கு அடிக்கு மேல் அகன்ற வாயுடைய மரக் கூம்புகளைத் தவிர வேறு கதி இல்லை.

நம் தேசத்தில் மோத்வானி குடும்பத்தாரின் சிகாகோ ரேடியோ நிறுவனம் 1931-ஆம் ஆண்டுக் கராச்சி காங்கிரஸ் முதலாகத் தேசியக் கூட்டங்களுக்கு ஒலிபெருக்கி அமைத்துக் கொடுத்தது. 1942 ஆகஸ்டில் பம்பாய் கோவாலியா குளத்து மைதானத்தில் காந்தியடிகள் நிகழ்த்திய ‘வெள்ளையனே வெளியேறு’ பிரசங்கம் கூட்டத்தாரின் செவியை எட்டியதும் அந்நிறுவனத்தின் சாதனங்களினால்தான். 1940-இல் தொடங்கிய டில்லி அகுஜா கம்பெனியின் குழாய்களும் யூனிட்களும் பின்னால் கிராமாந்தரங்கள் வரை பரவின. இன்றைக்கும் பழைய மைக் செட்காரரிடம் நல்ல யூனிட் எது என்று கேட்டால் அந்தப் பெயரைத்தான் முதலில் சொல்லுவார். இந்த வளர்ச்சியால் நேர்ந்த நஷ்டம் ஒன்றும் உண்டு. தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களில் நடிகர் தம் தொண்டையை மாத்திரம் நம்பிக் கடைசி வரிசைக்குப் பாடினார். குழாய் வந்தபின் அந்தச் சாரீரப் பயிற்சி தேவையற்றதாகி மறைந்தது.

கரிசல் நிலத்துக்கும் குழாய்க்கும் உள்ள பொருத்தத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். மலையோ அடர்ந்த தோப்போ குறுக்கிடாத சமவெளி, ஆங்காங்கே ஒற்றைப் பனைகள், உடை மரங்கள், கண்மாய்க் கரைகள், அவ்வளவுதான். பகலில் வெயில் நிலத்தைக் காய்ச்சும்போது தரையை ஒட்டிய காற்று சூடாகவும் மேற்காற்று குளிர்ச்சியாகவும் இருப்பதால், ஒலி மேல்நோக்கி வளைந்து ஆகாயத்தில் போய்விடுகிறது. பொழுது அடைந்து, மேகமற்ற வானத்தின் கீழ் நிலம் விரைவாகக் குளிரும்போது இந்த நிலைமை தலைகீழாகிறது. அடியில் குளிர்ந்த காற்றும் மேலே வெதுவெதுப்பான காற்றுமாக நிற்க, மேலே போன ஒலி வளைந்து மறுபடியும் தரைக்கே திரும்புகிறது. நண்பகலில் ஊரெல்லையோடு நின்றுவிட்ட பாட்டு, இரவிலும் விடிவதற்கு முன்பும் இரண்டு மூன்று ஊர் தாண்டிக் கேட்பதன் காரணம் இதுதான். மின்சாரக் கம்பி வராத ஊர்களில் கார் பேட்டரியைக் கொண்டே ஆம்பிளிபையரை ஓட்டினார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், குறைந்த சக்தியில் நெடுந்தூரம் என்ற குழாயின் குணம் இந்த மண்ணுக்கு எவ்வளவு இசைந்தது என்பது விளங்கும்.

இனி, வாங்குவதைப் பற்றி. புதிதாக இந்தப் பித்துப் பிடித்தவர்கள் முதலில் கேட்பது யூனிட் எத்தனை வாட் என்பதையே. கேட்க வேண்டியது குழாயின் வாய் எவ்வளவு அகலம் என்பது. டயாபிராம் போனால் வேறு வாங்கி மாட்டலாம். நசுங்கிய குழாயைப் பழைய வளைவு கெடாமல் நிமிர்த்தத் தெரிந்த கைகள் அபூர்வம். வாயின் சுற்றளவு, அது இசைக்க வேண்டிய மிகத் தாழ்ந்த சுருதியின் அலைநீளத்துக்கு ஏறக்குறையச் சமமாக இருக்க வேண்டும் என்பது பொதுவிதி. 300 ஹெர்ட்ஸ் வரை இறங்கினால் போதும் என்றால் 36 சென்டிமீட்டர் குறுக்களவு போதுமானது. 100 ஹெர்ட்ஸுக்கு ஒரு மீட்டருக்கு மேல் வேண்டும். ஆகவே மிருதங்கத்தின் தொப்பியையும் கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர் சிறிய குழாயை எத்தனை விலை கொடுத்து வாங்கினாலும் பயனில்லை.

குழாயைக் கையில் எடுத்ததும் விரலால் தட்டிப் பார்க்க வேண்டும். கலகல என்றால் உள்ளே ரிவெட் தளர்ந்திருக்கிறது. பல வருஷம் வெளியில் கிடந்த குழாயாக இருந்தால், யூனிட்டைக் கழற்றியதும் ஓர் அங்குல அகலமுள்ள அந்தத் தொண்டையில் தென்படுவது பெரும்பாலும் குளவி கட்டிய மண்கூடுதான். கம்பியை விட்டுக் குத்தாமல், தண்ணீரில் ஊறவைத்துக் கரைத்து எடுப்பது நல்லது. யூனிட்டைச் சோதிக்க டார்ச் லைட் செல் ஒன்றே போதும்: அதன் இரு முனைகளையும் யூனிட்டின் முனைகளில் ஒரு கணம் தொட்டு எடுத்தால், உயிருள்ள யூனிட் ‘டக்’ என்று சுத்தமாகச் சொல்லும், ஒன்றும் சொல்லாவிட்டால் சுருள் அறுந்திருக்கிறது. சொல்லியும் பாட்டில் கரகரப்பு வந்தால், காந்த இடைவெளியில் துகள் புகுந்திருக்கிறது என்று கொள்ளலாம். அப்போது பின்மூடியைத் திறந்து, டயாபிராமைப் பதனமாக எடுத்து வைத்துவிட்டு, ஒட்டும் டேப்பை வெளிப்பக்கமாக மடித்து அந்த வட்ட இடைவெளியில் ஒரு சுற்று ஓட்டி எடுத்தால், கறுப்பு இரும்புப் பொடி வரிசையாக ஒட்டிக்கொண்டு வருவதைக் காணலாம். அத்துடன் நின்றுவிட வேண்டும். ஆர்வ மிகுதியினால் காந்தத்தையும் பிரித்துப் பார்க்கிறவர்கள் உண்டு. பழைய அல்நிகோ காந்தத்தை அதன் இரும்புக் கூட்டிலிருந்து பிரித்தால் வலிமை குன்றிவிடும், மறுபடி காந்தமேற்றும் வசதி எல்லா ஊரிலும் இல்லை.

மேம்படுத்துவதில்தான் என் அபிப்பிராயம் பலருடைய அபிப்பிராயத்துக்கு மாறுபடுகிறது. பெரிய ஆம்பிளிபையர், பெரிய வாட், பேஸ் திருகை முழுவதும் திருப்பி வைத்தல் என்ற வழியில் போகிறவர்கள் மாதத்துக்கு ஒரு டயாபிராம் கிழிக்கிறார்கள். குழாய் தன் எல்லைக்குக் கீழ்ப்பட்ட தாழ்ந்த ஒலிகளைத் தாங்குவதில்லை. அவ்விடத்தில் காற்றின் எதிர்ப்பு இல்லாமற்போவதால், சவ்வு கட்டுக்கடங்காமல் துள்ளி அறுந்துபோகிறது. பழைய ரெக்கார்டுகளில் அந்தத் தாழ்ந்த ஒலிகள் மிகவும் குறைவு. ஆகையால் குழாயும் பிழைத்தது. இக்காலத்துப் பாட்டுகளில் அவையே பிரதானம். இதற்கு மருந்து மிகச் சுலபமானது: 16 ஓம் யூனிட்டோடு, துருவபேதமில்லாத 30 மைக்ரோஃபாரட் கண்டென்ஸர் ஒன்றைத் தொடராக இணைத்தால், சுமார் 330 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளவை வரவரக் குறைந்துவிடும். தாழ்ந்த ஒலியும் வேண்டும் என்றால் அதைத் தனியாக ஒரு பெட்டி ஸ்பீக்கருக்குக் கொடுத்துவிடுவதே முறை. இந்தச் சிறு கண்டென்ஸர் செய்யும் உபகாரத்தை, விலையுயர்ந்த ஆம்பிளிபையர் எதுவும் செய்யாது என்பது என் துணிபு.

வால்வு ஆம்பிளிபையரைத் தேடி அலைகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அதன் ஒலியில் ஓர் இனிமை இருப்பது மெய். ஆனால் உள்ளே முந்நூறு, நானூறு வோல்ட் ஓடுகிறது, ஸ்விட்சை அணைத்த பிறகும் கண்டென்ஸரில் தங்கியிருக்கிறது. பழகாதவர் மூடியைத் திறக்கலாகாது.

இந்தப் பித்து நமக்கு மாத்திரம் உரியதன்று. வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனி தன் சாதனங்களைத் தியேட்டர்களுக்கு வாடகைக்கே கொடுத்தது. அவற்றில் தப்பிப் பிழைத்த கூம்புகளை ஜப்பானியரும் கொரியரும் இன்று பெரும் பொருள் கொடுத்து வாங்குகிறார்கள். தென் கொரியாவில் பாஜு நகரத்து ஹேய்ரி கலைக் கிராமத்தில் ‘கமெராட்டா’ என்ற காப்பிச்சாலை, பழைய தியேட்டர்க் கூம்புகளில் சாஸ்திரீய சங்கீதம் கேட்பதற்காகவே நடக்கிறது. வருகிறவர்கள் பேசாமல் உட்கார்ந்து கேட்கிறார்கள். நம் ஊரில் குழாயைப் பார்த்ததும் சத்தத்தைக் கூட்டச் சொல்லுகிறோம்.

அந்தச் சத்தத்தினால்தான் குழாய்க்குக் கெட்ட பெயர் வந்தது. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளும், நோயாளிகளும், கைக்குழந்தைக்காரிகளும் பட்ட அவஸ்தையை மறைத்து, பழமை என்ற பெயரால் குழாய்க்கு வக்காலத்து வாங்க நான் தயாராக இல்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. திருவிழா அனுமதி கொடுக்கும்போது கூம்பு வடிவ ஒலிபெருக்கி கூடாது என்று போலீஸார் நிபந்தனை விதிப்பதும் வழக்கமாகிவிட்டது. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபெல் என்பது அளவு. ஒலிபெருக்கி வைத்த பொது இடத்தின் எல்லையில் அதைவிடப் பத்து அதிகமாக, 65 வரை இருக்கலாம். நல்ல குழாய் ஒன்றுக்கு ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் ஏறத்தாழ 105 டெசிபெல் தரும்; வெட்டவெளியில் தூரம் பத்து மடங்கானால் இருபது டெசிபெல் குறையும் என்ற கணக்கின்படி, அந்த ஒற்றை வாட் 65-க்கு இறங்க நூறு மீட்டர் போக வேண்டும். அதே குழாய்க்கு நாற்பது வாட் கொடுத்தால், காற்றும் தரையும் விழுங்கும் பங்கைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், 55-க்கு இறங்க இரண்டு கிலோமீட்டர் போக வேண்டியிருக்கும். வீட்டுத் திண்ணையில் குழாயை வைத்துக் கேட்கிறவருக்கு ஒரு வாட்டில் மிகச் சிறு பங்கே தாராளம். அந்த அளவில் ஓடும் யூனிட்டின் சுருள் சூடேறுவதுமில்லை, டயாபிராம் கிழிவதுமில்லை, பக்கத்து வீட்டார் வந்து கதவைத் தட்டுவதுமில்லை.