பானட்டைத் திறந்து பழகுங்கள்

முதல் மாருதி 800-ன் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி அதை வாங்கிய ஹர்பால் சிங்கிடம் கொடுத்தது 1983 டிசம்பர் 14 அன்று. 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது. நின்ற பிறகும் அந்தச் சின்னக் கார் நம் தெருக்களில் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால், அதன் எளிமைதான் முக்கியக் காரணம். 796 சிசி, மூன்றே சிலிண்டர். பழைய மாடல்களில் கார்பரேட்டர். பானட்டைத் தூக்கினால் பேட்டரி, பிளக், ஏர் ஃபில்டர் எல்லாம் கைக்கு எட்டும். இப்படியொரு வண்டி வீட்டில் இருந்தால், அதன் சில்லறை வேலைகளையாவது நீங்களே செய்யக் கற்றுக்கொள்ளுங்கள்.

முதலில் மிச்சமாவது கூலி. ஆயில், ஃபில்டர், பிளக் மாற்றவும் பேட்டரி டெர்மினலில் பூத்த உப்பைச் சுத்தம் செய்யவும் ஒரு ஸ்பேனர் செட், பிளக் ஸ்பேனர், பழைய பனியன் துணி போதும். மிச்சமாகும் பணத்தைத் தரமான உதிரிபாகத்தில் போடலாம். சென்னைக்காரர்களுக்குப் புதிய பாகங்களுக்கு ஜி.பி. ரோடும், கழற்றிய பாகங்களுக்குப் புதுப்பேட்டையும் இருக்கின்றன.

பணத்தைவிடப் பெரிது, வண்டியின் உடல்நிலை உங்களுக்குப் பிடிபடுவது. கழற்றிய பிளக்கின் முனையைப் பாருங்கள். இளம்பழுப்பு என்றால் இன்ஜின் நலம். கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஆயில் எரிகிறது. ஆயில் மூடியின் உட்புறம் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். இவற்றைத் தெரிந்துகொண்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போகிறவர் தலையில் தேவையில்லாத வேலையை யாரும் சுலபத்தில் கட்ட முடியாது. நல்ல மெக்கானிக்குக்கும் அப்படிப்பட்டவரிடம் பேசுவது சுலபம்.

சொந்தக் காரின் ஆர்.சி. 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு ஆர்.டி.ஓ.விடம் வண்டியைக் காட்டி, ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். லைட், ஹார்ன், பிரேக், புகை எல்லாவற்றையும் அவ்வப்போது கவனித்து வைத்தவருக்கு அந்த நாளில் பதற்றமே இருக்காது.

சில எல்லைகளை மீறவே கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். உறுதியான ஸ்டாண்டு கொடுங்கள். சூடாக இருக்கும் ரேடியேட்டரின் மூடியைத் திறக்காதீர்கள். பிளக்கை முதலில் கையாலேயே மரையேற்றுங்கள். ஸ்பேனரால் வலிந்து திருகினால் ஹெட்டின் மரை போய்விடும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். இரண்டு ஆண்டுக்கொருமுறை மாற்றியாக வேண்டும். ஆனால் பிரேக், ஸ்டீயரிங், டைமிங் பெல்ட் வேலைகளை அனுபவமுள்ளவரிடமே விடுங்கள். பக்கத்தில் நின்று பாருங்கள். வடித்த ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல், பழைய ஆயில் வாங்குபவரிடம் கொடுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கலாம். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, இன்ஜின் ஆறிய பின் டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவைப் பாருங்கள். கூலண்ட், டயர் காற்று, ஸ்டெப்னியின் காற்று அடுத்து. பிள்ளைகளையும் கூப்பிட்டு ஸ்டெப்னி மாற்றக் கற்றுக்கொடுங்கள்: சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டைத் தளர்த்த வேண்டும், பிறகுதான் ஜாக்கி. ஓட்டத் தெரிந்த பெண், ஆண் எவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். நெடுஞ்சாலையில் டயர் பஞ்சரானால் கைகொடுக்கப்போவது இந்தப் பழக்கம்தான்.