பிள்ளைகள் செய்யும் தொழுகை நேரக் கடிகாரம்: சிப்பின் வேகத்தைக் கூட்டினால் என்ன ஆகும்?

பள்ளி அறிவியல் கண்காட்சிக்காகவும் விடுமுறைப் பொழுதுபோக்காகவும் ஆர்டுயினோ போர்டு வாங்கிப் பழகும் பிள்ளைகள் இன்று பல வீடுகளில் இருக்கிறார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் அதில் ஒரு விஷயத்தைப் பெற்றோரும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

மதுரை காளவாசலில் ஒரு மாணவர் தன் வீட்டுக்குத் தொழுகை நேரம் காட்டும் கடிகாரம் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். திரையில் எழுத்துகள் இன்னும் வேகமாக ஓடட்டும் என்று 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலைக் கழற்றிவிட்டு 20 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலை வைக்கிறார். இப்படி வேகம் கூட்டுவதைத்தான் ஓவர்கிளாக்கிங் என்கிறார்கள்.

சிப்புக்கு நேரம் என்பது தெரியாது. கிரிஸ்டலின் துடிப்புகளை எண்ணி, 1 கோடியே 60 லட்சம் ஆனதும் ஒரு வினாடி என்று கணக்கிடும். புதிய கிரிஸ்டல் வினாடிக்கு 2 கோடி முறை துடிக்கிறது. புரோகிராமில் வேகத்தை மாற்றாவிட்டால் சிப்பின் ஒரு வினாடி 0.8 வினாடியிலேயே முடிந்துவிடும். ஒரு மணி நேரத்தில் 15 நிமிடம் முந்தும். அஸருக்குச் சரிசெய்து வைத்த கடிகாரம் இரண்டு மணி நேரத்தில் அரை மணி முந்தியிருக்கும். ரமளானில் அதை நம்பி நோன்பு திறந்தால், மஃரிபுக்கு முன்பே திறந்ததாகிவிடும்!

வேறு விளைவுகளும் உண்டு. 9600 வேகத்தில் கணினிக்குப் போகவேண்டிய தகவல் 12000-இல் போவதால் எழுத்துகள் குப்பையாக வரும். புதிய புரோகிராம் ஏற்றவும் முடியாமல் போகலாம். அசல் ஊனோ ஆர்3 போர்டில் பளிச்சென்று தெரியும் வெள்ளிநிறக் கிரிஸ்டல் யுஎஸ்பி சிப்புக்கானது. அதைக் கழற்றினால் கணினித் தொடர்பே போய்விடும்.

ஊனோவில் உள்ள ஏடிமெகா328பி சிப் 20 மெகாஹெர்ட்ஸ் வரை தாங்கும். ஆனால் குறைந்தது 4.5 வோல்ட் வேண்டும். 3.3 வோல்ட்டில் சுமார் 13 மெகாஹெர்ட்ஸ்தான் எல்லை. ஆகவே கிரிஸ்டலைத் தொடாமலே, 3.7 வோல்ட் லித்தியம் பேட்டரியில் 16 மெகாஹெர்ட்ஸில் ஓட்டினாலும் எல்லை மீறியதாகவே அர்த்தம். எல்லை தாண்டிய சிப் உடனே புகைந்துவிடாது. சத்தமில்லாமல் தவறான கணக்குப் போடும், திடீரென்று நின்றுபோகும். மதுரைக் கோடை வெயிலில் இது இன்னும் அதிகமாகலாம். வேகம் கூடக்கூட பேட்டரியும் சீக்கிரம் தீரும்.

என்ன செய்யலாம்? நேரத்தைக் கவனிக்க டிஎஸ்3231 என்ற தனிக் கடிகார மாட்யூலைச் சேர்க்கச் சொல்லுங்கள். அதற்குச் சொந்தக் கிரிஸ்டல் உண்டு. போர்டின் வேகம் அதைப் பாதிக்காது. ஆண்டுக்கு ஒரு நிமிடம் அளவுக்கே பிசகும். வேகம்தான் தேவை என்றால், 2021-இல் வந்த ராஸ்பெர்ரி பை பிக்கோ போன்ற போர்டுக்கு மாறலாம்.

சோதித்துப் பார்ப்பதைத் தடுக்க வேண்டாம். ஆனால் பிள்ளை செய்த கடிகாரத்தைச் சுவரில் மாட்டுமுன், ஒரு வாரம் பள்ளிவாசல் பாங்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.