சுரங்கத் தொழிலாளர் வென்ற கோப்பை



லிப்டன் என்னும் பெயரைத் தேயிலைப் பொட்டலத்தின் மீது நீங்கள் பலமுறை கண்டிருப்பீர்கள். கிளாஸ்கோ நகரில் மளிகைக் கடையில் தொடங்கிப் பெருஞ்செல்வரான சர் தாமஸ் லிப்டன், 1890-இல் இலங்கையின் ஹப்புத்தளைப் பகுதியில் தேயிலைத் தோட்டங்களை விலைக்கு வாங்கினார். அங்கே கொழுந்து கிள்ளிய கரங்கள் தமிழகத்திலிருந்து கடல் கடந்து சென்ற ஏழைகளின் கரங்கள். அந்தத் தேயிலைச் செல்வர் வழங்கிய வெள்ளிக் கோப்பை ஒன்று, இங்கிலாந்தின் வடகிழக்கிலுள்ள ஒரு சிற்றூரைப் படுத்திய பாட்டையே இங்குக் கூறப் போகிறேன்.

டர்ஹாம் மாவட்டத்தில் உள்ளது வெஸ்ட் ஆக்லாந்து. நிலக்கரிச் சுரங்கத்தை நம்பி வாழ்ந்த ஊர். 1893-இல் அங்கே ஒரு கால்பந்துக் கழகம் தோன்றியது. ஆடியவர்கள் பெரும்பாலும் சுரங்கத் தொழிலாளர்கள். ஆட்டத்திற்காக ஊதியம் பெறாதவர்கள். வாரமெல்லாம் பூமிக்கடியில் உழைத்துவிட்டு, ஓய்வு நாளில் பந்து உதைத்தவர்கள்.

1909-இல் இத்தாலியின் டூரின் நகரில் லிப்டனின் பெயரால் ஒரு சர்வதேசப் போட்டி நடந்தது. இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம் அணி அனுப்ப மறுத்துவிட்டது. அந்த இடத்திற்கு அழைக்கப்பட்டது, தன் வட்டார லீக்கிலேயே பின்தங்கிக் கிடந்த வெஸ்ட் ஆக்லாந்து! புகழ்பெற்ற வுல்விச் ஆர்சனல் கழகத்திற்கும் இதற்கும் ஆங்கிலத்தில் முதலெழுத்துகள் ஒன்றே. ஆகவே கடிதம் தவறிப் போய்ச் சேர்ந்தது என்று ஒரு கதை உலவுகிறது. சுவையான கதைதான், ஆனால் அதற்குச் சான்று ஏதும் இல்லை. நாம் அதை நம்ப வேண்டியதில்லை.

பயணச் செலவு யாருடையது? ஆட்டக்காரர்களுடையது. வீட்டுப் பொருள்களை அடகு வைத்துச் சிலர் புறப்பட்டதாக அவ்வூரார் சொல்வர். சுரங்கத்தில் இறங்காத நாளுக்குக் கூலியும் கிடையாது. இரயிலிலும் கப்பலிலுமாக ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடந்து போனார்கள். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் அணியை வென்றார்கள். இறுதியாட்டத்தில் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் அணியை 2-0 என்று வீழ்த்திக் கோப்பையோடு திரும்பினார்கள். 1911-இல் மீண்டும் சென்றார்கள். இம்முறை இறுதியில் எதிர்த்து நின்றது யுவென்டஸ். இன்று உலகமறிந்த அந்தக் கழகத்தைச் சுரங்கத் தொழிலாளர்கள் 6-1 என்று தோற்கடித்தனர். இருமுறை வென்றமையால் கோப்பை அவர்களுக்கே சொந்தமாயிற்று.

இதனை 'முதல் உலகக் கோப்பை' என்று அவ்வூரார் பெருமையுடன் அழைக்கின்றனர். உருகுவே நாட்டில் உலகக் கோப்பைப் போட்டி நடந்தது 1930-இல் தான். ஆயினும் ஐரோப்பாவின் நான்கு நாடுகள் மட்டும் கலந்துகொண்ட ஒன்றை உலகக் கோப்பை என்பது சற்று மிகையே. அவர்கள் பட்ட பாட்டை எண்ணி அந்த மிகையைப் பொறுத்துக் கொள்ளலாம்.

வெற்றியாளர்களுக்கு வீட்டில் காத்திருந்தது கடன். உள்ளூர் விடுதியின் உரிமையாளரான ஒரு பெண்மணியிடம் 40 பவுண்டு பெற்றுக்கொண்டு, கோப்பையை ஈடாகக் கொடுத்தது கழகம். விரைவிலேயே கழகமும் கலைந்தது. 1914-இல் வேறு பெயரில் மீண்டும் எழுந்தது. ஆனால் கோப்பையை மீட்க வழி பிறக்கவில்லை. பல பத்தாண்டுகள் உருண்டன, இரு பெரும் போர்கள் வந்து போயின. 1960-இல் தான் ஊரார் கூடி 100 பவுண்டு திரட்டிக் கொடுத்து அதை மீட்டனர்.

நாற்பது கொடுத்து நூறு வாங்கினாரே என்று அந்தப் பெண்மணியைக் குறைகூறத் தோன்றும். சற்றே சிந்தியுங்கள்! ஏறத்தாழ அரை நூற்றாண்டு அந்த வெள்ளிப் பொருள் உருக்கப்படவுமில்லை, பிறருக்கு விற்கப்படவுமில்லை. ஒரு கீறலுமின்றிக் காத்தாரோ என்னவோ, அமானிதப் பொருளைப் போலத் திருப்பித் தந்தார் என்பது மட்டும் உண்மை. ஊரின் சொந்தப் பொறுப்பிற்கு வந்த பின்னர்தான் அது காணாமற் போயிற்று. 1994 சனவரியில், தொழிலாளர் மன்றத்தில் காட்சிக்கு வைத்திருந்த கோப்பையைத் திருடர் கவர்ந்து சென்றனர். அது திரும்பவே இல்லை.

மீட்டெடுத்த மறு ஆண்டே, 1961-இல், இக்கழகம் ஊதியம் பெறாதோருக்கான இங்கிலாந்துக் கோப்பையின் இறுதியாட்டம் வரை சென்று தோற்றது. சிறு கழகங்களுக்கான மற்றொரு போட்டியின் இறுதியாட்டத்தில் 2012-இலும் 2014-இலும் தோல்வி. சுரங்கத் தொழிலாளரையும் ஆட்டக்காரரையும் ஒருசேரக் காட்டும் சிலை 2013-இல் ஊர்ப் பசும்புல் திடலில் நிறுவப்பட்டது. திருடு போனதற்கு ஈடாக, அதே அளவில் அதே வேலைப்பாட்டுடன் புதிய கோப்பை ஒன்றையும் செய்து வைத்துக் கொண்டனர்.