அலுவலகத்துக்குள் ரோபோ – 9: இன்வாய்ஸ் இல்லாமல் பணம்

1980-களின் தொடக்கம். செலவைக் குறைக்க வழி தேடிக்கொண்டிருந்தது ஃபோர்டு. சப்ளையர்களுக்குப் பணம் பட்டுவாடா செய்யும் பிரிவில் மட்டும், வட அமெரிக்காவில் 500 பேருக்கு மேல் இருந்தார்கள். கம்ப்யூட்டரைப் புகுத்தினால் 400 ஆக்கிவிடலாம் என்று கணக்குப் போட்டார்கள். பிறகு, தாங்கள் பங்கு வைத்திருந்த ஜப்பானின் மாஸ்டாவை எட்டிப் பார்த்தார்கள். அதே வேலைக்கு அங்கே 5 பேர்! மாஸ்டா சிறிய கம்பெனிதான். அதற்காக இவ்வளவு வித்தியாசமா?

ஃபோர்டில் பர்ச்சேஸ் பிரிவு ஆர்டர் போட்டு, அதன் நகலைப் பணப் பட்டுவாடா பிரிவுக்கு அனுப்பும். சரக்கு வந்து இறங்கியதும் அங்கிருந்து ஒரு சீட்டு வரும். சப்ளையரின் இன்வாய்ஸ் தனியாக வந்து சேரும். மூன்றிலும் 14 விவரங்கள் ஒத்துப்போனால்தான் செக். ஒத்துப்போகாத காகிதங்களைத் துரத்துவதிலேயே பெரும்பாலான நேரம் கரைந்தது.

ஃபோர்டு இன்வாய்ஸையே ஒழித்தது. ஆர்டர் கம்ப்யூட்டரில் ஏறிவிடும். சரக்கு இறங்கும் இடத்திலேயே ஊழியர் அந்த ஆர்டரைக் கம்ப்யூட்டரில் திறந்து பார்ப்பார். பொருந்தினால் ஏற்றுக்கொள்வார், பணம் தானாகப் போய்விடும். பொருந்தாவிட்டால் சரக்கு திரும்பிப் போகும். ஒப்பிட வேண்டியவை மூன்றே: பாக எண், அளவீட்டு அலகு, சப்ளையர் குறியீடு. ஆள் எண்ணிக்கை 75 சதவீதம் குறைந்ததாக 1990-ல் ஹார்வர்டு பிசினஸ் ரிவியூவில் நிர்வாகவியல் நிபுணர் மைக்கேல் ஹாமர் எழுதினார். (குறைக்கப்பட்டவர்கள் என்ன ஆனார்கள் என்பது நிர்வாகவியல் கட்டுரைகளில் பொதுவாக இடம்பெறாத சங்கதி.)

பழைய ஃபோர்டிடம் இன்றைய ஆர்.பி.ஏ. (ரோபாட்டிக் பிராசஸ் ஆட்டோமேஷன்) விற்பனையாளர் போயிருந்தால்? மனிதர் செய்வதைப் போலவே திரையைத் திறந்து, 14 விவரங்களையும் படித்து ஒப்பிடும் மென்பொருள் ரோபோவை விற்றிருப்பார். தேவையே இல்லாத வேலை, படுவேகமாக நடந்திருக்கும்.

அதற்காக ஆர்.பி.ஏ.வை ஓரங்கட்டிவிட முடியாது. பிரிட்டனின் செல்போன் நிறுவனமான டெலிஃபோனிகா ஓ2, 2010-ல் சிம் மாற்றுவது, வாடிக்கையாளர் கணக்கில் கிரெடிட் சேர்ப்பது போன்ற வேலைகளை வைத்து அதைச் சோதித்தது. 10 வேலைகளுக்குக் கணக்குப் பார்த்தபோது, ஆர்.பி.ஏ.வில் போட்ட பணம் 10 மாதத்தில் திரும்பும் என்று வந்தது, வேலை நகரும் பாதையையே நிர்வகிக்கும் பி.பி.எம். (பிசினஸ் பிராசஸ் மேனேஜ்மென்ட்) என்றால் 3 ஆண்டு வரை ஆகும். 2015-ல் லண்டன் ஸ்கூல் ஆஃப் எக்கனாமிக்ஸ் ஆய்வாளர்கள் எழுதியபோது, ஓ2-வில் 160-க்கும் மேற்பட்ட ரோபோக்கள் மாதம் 4 முதல் 5 லட்சம் வேலைகளை முடித்துக்கொண்டிருந்தன.

சிம் மாற்றுவதில் ஒழித்துக்கட்ட என்ன இருக்கிறது? விதி தெளிவு, எண்ணிக்கை அதிகம், அடியில் உள்ள பழைய சிஸ்டத்தைத் தொட வேண்டியதில்லை. இப்படிப்பட்ட இடத்தில் யோசிக்காமல் ரோபோவைப் போடலாம். திரையில் ஒரு பட்டன் இடம் மாறினால் அது திகைத்து நின்றுவிடும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. ஃபைல் நாலு மேசை தாண்டுகிறது, யார் மேசையில் தூங்குகிறது என்றே தெரியவில்லை என்றால், அங்கே ரோபோவால் பயனில்லை. அந்தப் பாதையை வரைந்து, மாற்றி, கண்காணிக்கும் பி.பி.எம். வேண்டும். செலவும் அதிகம், மேலதிகாரிகளின் மனஸ்தாபமும் அதிகம்.

விற்பவர்களுக்கு இந்தக் குழப்பம் எதுவும் இல்லை. பி.பி.எம். விற்ற நிறுவனங்களில் பெகா 2016-ல் ஓப்பன்ஸ்பேன் என்ற ஆர்.பி.ஏ. நிறுவனத்தையும், அப்பியன் 2020-ல் ஜிடோகா என்ற ஆர்.பி.ஏ. நிறுவனத்தையும் வாங்கின. இப்போது ஒரே கடையில் இரண்டும் கிடைக்கும்.

ரோபோ வேலைக்குச் சேர்ந்துவிட்டது, சரி. அது யாருடைய பாஸ்வேர்டில் உள்ளே நுழைகிறது? அடுத்த வாரம்.